கெர்னலிலிருந்து யூசர் நினைவகத்துக்குத் தரவைப் பத்திரமாகக் கொண்டு சேர்ப்பது: முழுமையான வழிகாட்டி

கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) தன்னிடம் உள்ள தரவை யூசர் புரோகிராமின் நினைவகத்தில் எழுத அழைக்கும் ஃபங்ஷன் காப்பி_டு_யூசர். மூன்று மதிப்புகளைக் கொடுத்தால் வேலை செய்கிற ஒற்றை வரி அது. அதை எழுதத் தெரியாமல் யாரும் நிற்பதில்லை. அந்த வரிக்கு முன்னால் எவையெல்லாம் முடிந்திருக்க வேண்டும், அது திரும்பி வந்த பிறகு எதை முதலில் தொட வேண்டும் என்ற வரிசையில்தான் சறுக்குகிறார்கள். வேலூர், காட்பாடி வட்டாரத்தில் புராஜெக்டுக்காக முதல் டிரைவர் (ஒரு சாதனத்தை இயக்க கெர்னலுக்குள் ஓடும் நிரல்) எழுதும் மாணவர்கள் செய்யும் தவறுகள் ஐம்பது விதம் கிடையாது. ஐந்தாறுதான், திரும்பத் திரும்ப.

இங்கே சொல்வது லினக்ஸ், 64 பிட் எக்ஸ்86 கணினி, 5.10 அல்லது அதற்குப் பிந்தைய கெர்னல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபங்ஷன் பெயர்கள் உச்சரிப்புப்படி தமிழில் உள்ளன. அடிக்கோடுகள் அப்படியே இருக்கின்றன.

கடைசிவரை ஒரே எடுத்துக்காட்டு. பழைய வட ஆற்காட்டில் நான்கு இடங்கள்: வேலூர் கோட்டை, காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர். நான்கிலும் வெப்பநிலை சென்சார் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு அளவும் வந்து சேரும்போது இன்டரப்ட் (சிபியுவைக் கூப்பிடும் வன்பொருள் சைகை) அடிக்கிறது. அதைக் கவனிக்கும் ஃபங்ஷனான ஹேண்ட்லர், வந்த அளவை 64 இடம் கொண்ட ரிங் பஃபரில் (முடிவு வந்ததும் தொடக்கத்துக்கே சுற்றி வரும் வரிசையில்) போடுகிறது. யூசர் புரோகிராம் /டெவ்/வெயில் என்ற ஃபைலைத் திறந்து ரீட் செய்கிறது. ரிங்கில் உள்ளதை அந்தப் புரோகிராமின் பஃபருக்குச் சேதாரம் இல்லாமல் கொண்டு சேர்ப்பதுதான் வேலை.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சொந்த லேப்டாப்பின் கெர்னலில் சோதிக்காதீர்கள். கெர்னல் விழுந்தால் கூடவே ஃபைல் சிஸ்டமும் அடிபடலாம். மே மாதத்தில் கரண்ட் போய்க் கணினி அணைவதைவிட மோசமான அணைப்பு அது. கியூஇஎம்யு மெய்நிகர் கணினி ஒன்று போதும்.

கியூஇஎம்யுவை ஓட்டும்போது சிபியு மாதிரியை ‘மேக்ஸ்’ என்று குறிப்பிடுங்கள். வன்பொருள் முடுக்கம் இருந்தால் ‘ஹோஸ்ட்’ என்றும் தரலாம். ஒன்றும் சொல்லாமல் விட்டால் கிடைக்கும் பழைய மாதிரியில் எஸ்மேப் பாதுகாப்பு (கெர்னல் தவறுதலாக யூசர் நினைவகத்தைத் தொடுவதை சிபியுவே தடுப்பது) இருக்காது. அப்போது தவறான நிரலும் ஓடிவிடும், சரியாக எழுதியதாக நினைத்துக்கொள்வீர்கள். உள்ளே போய் /ப்ராக்/சிபியுஇன்ஃபோ பட்டியலில் எஸ்மேப் என்ற கொடி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கெர்னலைக் கட்டும்போது நான்கு தேர்வுகளைப் போட்டுக்கொள்ளுங்கள்: டீபக்_அட்டாமிக்_ஸ்லீப், ப்ரூவ்_லாக்கிங், ஹார்டண்ட்_யூசர்காப்பி, கேசான். முதல் இரண்டும் லாக் தவறுகளைப் பிடிக்கும். மூன்றாவது அளவுத் தவறைப் பிடிக்கும். நான்காவது எல்லை மீறிய வாசிப்பைப் பிடிக்கும். எல்லாம் போட்டால் கெர்னல் மெதுவாக ஓடும். சோதனைக்கு அது பரவாயில்லை.

ஸ்பார்ஸ் என்ற சரிபார்ப்புக் கருவியையும் நிறுவிக்கொள்ளுங்கள். மேக் கட்டளையோடு ‘சி=1’ என்று (பெரிய எழுத்து சி) கொடுத்தால், யூசர் முகவரி என்று காட்டும் __யூசர் குறி போட்ட பாயிண்டரைச் சாதாரண பாயிண்டரோடு கலந்த இடங்களை அது காட்டும். அந்த எச்சரிக்கையை கேஸ்ட் போட்டு (வகையை வலிந்து மாற்றி) மறைப்பவர்கள் உண்டு. புகை எச்சரிக்கை மணியின் பேட்டரியைக் கழற்றிவிடுகிற வேலை அது.

சேர்க்க வேண்டிய ஹெடர் லினக்ஸ்/யூஆக்சஸ். பழைய பாடக் குறிப்புகளில் ஏஎஸ்எம்/யூஆக்சஸ் என்று இருக்கும், அதை விட்டுவிடுங்கள்.

## 2. மெம்காப்பி ஏன் போதாது

மெம்காப்பி என்பது நினைவகத்தில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எந்தச் சோதனையும் இல்லாமல் நகல் எடுக்கும் ஃபங்ஷன். அது ஏன் போதாது என்று தெரிந்துகொண்டால்தான் பின்னால் வரும் வரிசை புரியும். யூசர் புரோகிராம் தரும் முகவரியை கெர்னல் மூன்று விதங்களில் நம்பக் கூடாது.

முதலாவது, அது யூசர் பகுதி முகவரியாகவே இல்லாமல் இருக்கலாம். யாராவது வேண்டுமென்றே கெர்னல் முகவரியைக் கொடுத்தால், மெம்காப்பி உங்கள் தரவை கெர்னலின் மேலேயே எழுதிவிடும். காப்பி_டு_யூசர் முதலில் ஆக்சஸ்_ஓகே வழியாக எல்லையைப் பார்க்கிறது.

இரண்டாவது, முகவரி யூசர் பகுதியிலேயே இருந்தும் அங்கே பேஜ் (நினைவகத்தைப் பிரிக்கும் 4096 பைட் துண்டு) இல்லாமல் இருக்கலாம். டிஸ்கிலிருந்து கொண்டுவர வேண்டியிருக்கலாம், எழுத அனுமதி இல்லாததாக இருக்கலாம், மேப் செய்யப்படாத வெற்றிடமாகவும் இருக்கலாம். கொண்டுவரக்கூடியது என்றால் பேஜ் ஃபால்ட் ஹேண்ட்லர் கொண்டுவந்து வேலையைத் தொடர வைக்கும். முடியாது என்றால், அந்த எழுதும் கட்டளையின் முகவரியை எக்ஸெப்ஷன் டேபிள் என்ற பட்டியலில் தேடி, அதற்கென்று குறித்து வைத்த மாற்று இடத்துக்குத் தாவும். காப்பி_டு_யூசரின் கட்டளைகள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன, மெம்காப்பியின் கட்டளைகள் இல்லை. ஒன்று பிழைக் குறியோடு திரும்புவதற்கும் மற்றொன்று கெர்னல் ஊப்ஸ் (கெர்னலுக்குள்ளேயே நேரும் பெரும் பிழை) ஆவதற்கும் இதுதான் காரணம்.

மூன்றாவது எஸ்மேப். கெர்னல் தவறுதலாக யூசர் நினைவகத்தைத் தொட்டால் சிபியுவே தடுக்கும். காப்பி_டு_யூசர் எஸ்டிஏசி என்ற கட்டளையால் அந்தத் தடையைச் சில கணம் திறந்து, வேலை முடிந்ததும் சிஎல்ஏசி என்ற கட்டளையால் மூடுகிறது. ஏஆர்எம் சிப்புகளில் இதே வேலையை பேன் செய்கிறது. எஸ்மேப் இல்லாத பழைய டெஸ்க்டாப்பில் பேஜும் தயாராக இருந்துவிட்டால் மெம்காப்பி வேலை செய்யும். “என் மெஷின்ல ஓடுச்சே சார்” என்ற பேச்சு பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது.

## 3. ரெக்கார்டின் அமைப்பை முதலில் முடிவு செய்யுங்கள்

நிரல் எழுதும் முன் இதை முடியுங்கள். ஒரு யூசர் புரோகிராம் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு மாற்ற முடியாது.

புதியவர் வழக்கமாக எழுதும் வரிசை இப்படி இருக்கும்: இடக் குறி 1 பைட், நேரம் 8 பைட், வெப்பநிலை 4 பைட். கூட்டினால் 13. ஆனால் 64 பிட்டில் கம்பைலர் இதற்கு 24 பைட் ஒதுக்குகிறது. நேரம் 8-இன் மடங்கில் தொடங்க வேண்டும் என்பதால் இடக் குறிக்குப் பின் 7 பைட் பேடிங், அதாவது இட்டு நிரப்பும் வெற்று இடம். கடைசியில் இன்னும் 4.

அந்த 11 பைட்டில் என்ன இருக்கும்? ஸ்டாக்கிலோ ஹீப்பிலோ முன்பு அந்த இடத்தில் இருந்தது எதுவோ, அது. கெர்னல் முகவரியின் துண்டாக இருக்கலாம், வேறொரு புரோகிராமின் தரவாக இருக்கலாம். நீங்கள் 24 பைட்டையும் காப்பி செய்தால் அதுவும் கூடவே வெளியே போய்விடும். எந்தப் பிழையும் வராது, எல்லாம் சரியாகத்தான் தெரியும். இந்த வழிகாட்டியில் வரும் தவறுகளில் கண்ணுக்கு மிகக் குறைவாகத் தெரிவது இதுதான்; அதனால்தான் ஆபத்தும் அதிகம்.

சுழியம் போட்டுத் தொடங்கினால் போதாதா? ஸ்ட்ரக்டை அறிவிக்கும்போது நெளி அடைப்புக்குள் சுழியம் கொடுத்தால் பெயருள்ள உறுப்புகள் சுழியாகும். பேடிங்கும் சுழியாகும் என்று நம்பிவிட முடியாது. கம்பைலரையும் அதன் தேர்வுகளையும் பொறுத்தது. மறைந்த பேடிங் உள்ள ஸ்ட்ரக்ட் என்றால் மெம்செட் போட்டு முழு அளவையும் சுழியாக்கிவிட்டுத்தான் உறுப்புகளை நிரப்ப வேண்டும். ஹீப் என்றால் கேமல்லாக்குக்குப் பதில், இடத்தைச் சுழியாக்கியே தரும் கேஇசட்அல்லாக்.

அதைவிட நல்லது, பேடிங்கே இல்லாமல் அடுக்குவது. நேரம் 8 பைட், வெப்பநிலை 4 பைட், இடக் குறி 1 பைட், ‘ஒதுக்கீடு’ என்ற பெயரில் 3 பைட். மொத்தம் 16. மறைவிடம் ஒன்றும் இல்லை. ஒதுக்கீட்டு பைட்டுகளுக்கும் பெயர் இருப்பதால் அவற்றையும் சுழியாக்குவது எளிது.

இந்த அடுக்குக்கு இன்னொரு லாபம் உண்டு. முதல் வரிசையை 32 பிட் எக்ஸ்86 புரோகிராம் கம்பைல் செய்தால் அளவு 16 வரும், கெர்னல் பார்வையில் 24. அங்கே 8 பைட் எண் 4-இன் மடங்கிலேயே தொடங்கலாம் என்பதால் இந்த வேறுபாடு. இரண்டாவது வரிசை இரு பக்கத்திலும் 16-தான். பில்ட்_பக்_ஆன் போட்டு ‘அளவு 16 இல்லையென்றால் கம்பைல் ஆகாதே’ என்று பூட்டிவிடுங்கள்.

உறுப்புகளுக்கு இன்ட், லாங் என்று எழுதாதீர்கள். __யு64, __எஸ்32, __யு8 என்று அளவு சொல்லும் வகைகளையே பயன்படுத்துங்கள். லாங் என்பது 32 பிட்டில் 4 பைட், 64 பிட்டில் 8.

வெப்பநிலைக்கு 2 பைட் போதுமே என்று தோன்றும். மில்லி டிகிரியில் வைத்தால் குறியுள்ள 16 பிட் எண்ணின் உச்சம் 32,767, அதாவது 32.767 டிகிரி. வேலூரில் வெயில் காலத்தில் காபி ஆறுவதற்குள் அதைத் தாண்டிவிடும். எண் சுற்றிப்போய் மைனஸில் காட்டும். 4 பைட்டாகவே வையுங்கள்.

ஸ்ட்ரக்டுக்குள் கெர்னல் பாயிண்டர் எதையும் வைக்காதீர்கள், அடுத்த உறுப்பைக் காட்டும் இணைப்புப் பாயிண்டரைக்கூட. உள்ளே பயன்படுத்தும் ஸ்ட்ரக்ட் வேறு, வெளியே கொடுக்கும் ஸ்ட்ரக்ட் வேறு.

## 4. எங்கிருந்து அழைக்கிறீர்கள் என்று பாருங்கள்

காப்பி_டு_யூசர் தூங்கக்கூடியது. பேஜ் டிஸ்கிலிருந்து வரவேண்டும் என்றால் அதுவரை காத்திருக்கும். ஆகவே தூங்கக்கூடாத இடத்தில் அதை அழைக்கக்கூடாது: இன்டரப்ட் ஹேண்ட்லர், டைமர், ஸ்பின்லாக் (தூங்காமல் சுற்றிக்கொண்டே காத்திருக்கும் பூட்டு) பிடித்த பகுதி, ப்ரீஎம்ப்ஷனை (ஓடும் வேலையை இடையில் நிறுத்தி வேறொன்றுக்கு மாறுவதை) நிறுத்திய பகுதி.

தூக்கத்தை விடப் பெரிய பிரச்சினை ஒன்றும் உண்டு. இன்டரப்ட் அடிக்கும் நேரத்தில் சிபியுவில் எந்த புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கிறதோ, அதன் முகவரி வெளிதான் அப்போது நடப்பில் இருக்கும். உங்கள் புரோகிராமின் பஃபர் முகவரியை எங்கோ குறித்து வைத்து இன்டரப்டில் எழுதினால், அது சம்பந்தமே இல்லாத இன்னொரு புரோகிராமின் நினைவகத்தில் விழும். வீட்டு எண் அதேதான், தெரு வேறு.

கெர்னல் த்ரெட்டிலும் வொர்க்கியூவிலும் நிலைமை இதுவே. அவற்றுக்கென்று யூசர் முகவரி வெளி கிடையாது. விதி சுருக்கமானது: ரீட், ஐஆக்டில் (டிரைவருக்குத் தனிக் கட்டளை அனுப்பும் வழி) போன்ற சிஸ்டம் கால் நடந்துகொண்டிருக்கும்போது, அதைக் கூப்பிட்ட புரோகிராமின் சார்பில் மட்டுமே காப்பி. இன்டரப்ட் ஹேண்ட்லர் ரிங்கில் போட்டுவிட்டு, காத்திருப்பவரை வேக்_அப் செய்துவிட்டுப் போகட்டும்.

## 5. அளவை வெட்டுங்கள்

யூசர் கேட்கும் அளவு எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம். உங்களிடம் உள்ளதைவிட ஒரு பைட் அதிகமாகக் காப்பி செய்தாலும் பக்கத்தில் இருக்கும் கெர்னல் தரவு வெளியே போகும்.

வெயில் டிரைவருக்கு: கேட்ட அளவை 16-ஆல் வகுத்தால் எத்தனை முழு ரெக்கார்ட் என்று வரும். அது 0 என்றால் மைனஸ் இஇன்வால், அதாவது பிழை 22. இல்லையென்றால் மூன்றில் சிறியதை எடுங்கள்: கேட்ட எண்ணிக்கை, ரிங்கில் உள்ள எண்ணிக்கை, ஒரு தடவைக்கு நாம் வைத்த வரம்பு 16. ரீட் கேட்டதைவிடக் குறைவாகத் தரலாம். சரியான யூசர் புரோகிராம் மறுபடி கேட்கும்.

ஒப்பிடும்போது எல்லாம் சைஸ்_டி வகையாகவே இருக்கட்டும். இன்ட்டில் போட்டு ஒப்பிட்டால் பெரிய எண் மைனஸாகி ‘சிறியது’ என்று தேர்வாகிவிடும். மின்_டி மேக்ரோவில் வகையைச் சொல்லியே எழுதுங்கள்.

## 6. ஸ்பின்லாக்குக்குள் நகல், வெளியே காப்பி

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. ரிங்கை இன்டரப்ட் ஹேண்ட்லரும் தொடுகிறது, ரீடும் தொடுகிறது. எனவே ஸ்பின்லாக் வேண்டும், ஸ்பின்_லாக்_ஐஆர்க்யூசேவ் வகை. லாக்கைப் பிடித்துக்கொண்டே காப்பி_டு_யூசரை அழைத்தால் 4-ஆம் பகுதியில் சொன்னதை மீறுகிறோம். லாக்கே இல்லாமல் ரிங்கிலிருந்து நேராகக் காப்பி செய்தால் பாதி பழைய, பாதி புதிய ரெக்கார்ட் போகலாம்.

வழி இரண்டு படி. ஸ்பின்லாக்கைப் பிடித்து, வேண்டிய ரெக்கார்டுகளை ஒரு லோக்கல் பஃபருக்கு மெம்காப்பி செய்யுங்கள். இங்கே இரண்டும் கெர்னல் பக்கம் என்பதால் மெம்காப்பி சரியே. லாக்கை விடுங்கள். பிறகு லோக்கல் பஃபரிலிருந்து காப்பி_டு_யூசர்.

லோக்கல் பஃபர் 16 ரெக்கார்ட், 256 பைட். ஸ்டாக்கில் வைக்கலாம். எக்ஸ்86-64 கெர்னலில் ஸ்டாக்கின் மொத்தமே வழக்கமாக 16 கிலோபைட்; ஒரு ஃபங்ஷன் 2048 பைட் தாண்டினால் கம்பைலர் வழக்கமாக எச்சரிக்கும். அதற்கு மேல் தேவைப்பட்டால் ஓப்பன் செய்யும்போதே கேஇசட்அல்லாக் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கேள்வி: ரிங்கின் டெயிலை (அடுத்து வாசிக்க வேண்டிய இடத்தின் குறி) எப்போது நகர்த்துவது? லாக்குக்குள் நகல் எடுத்த கையோடு நகர்த்துவது எளிது. ஆனால் அதன்பின் காப்பி_டு_யூசர் தோற்றால் அந்த அளவுகள் போனது போனதுதான். ஆம்பூரில் பகல் 2 மணிக்கு என்ன வெயில் என்று யாருக்கும் தெரியாமல் போகும்.

ஆகவே நகல் எடுக்கும்போது டெயிலைத் தொடாதீர்கள், எட்டிப் பார்ப்பதோடு நிறுத்துங்கள். காப்பி வெற்றி என்று தெரிந்த பிறகு மறுபடி ஸ்பின்லாக்கைப் பிடித்து நகர்த்துங்கள். இதற்கு இரண்டு நிபந்தனை உண்டு.

ஒன்று, இடையில் இன்னொரு ரீடர் நுழைந்து அதே ரெக்கார்டை எடுக்கக்கூடாது. அதற்கு ரீடர்களுக்கென்று தனி மியூட்டெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விடும் பூட்டு). மியூட்டெக்ஸ் பிடித்துக்கொண்டு தூங்கலாம் என்பதால் அதற்குள் காப்பி_டு_யூசர் இருக்கலாம்.

இரண்டு, ரிங் நிறைந்தால் இன்டரப்ட் ஹேண்ட்லர் பழையதை அழித்து டெயிலைத் தள்ளக்கூடாது. புதியதைக் கைவிட்டு ‘கைவிட்டவை’ எண்ணை ஒன்று கூட்டட்டும். டெயில் ரீடருக்கே சொந்தம், ஹெட் (அடுத்து எழுத வேண்டிய இடத்தின் குறி) ஹேண்ட்லருக்கே சொந்தம். இந்தச் சொத்துப் பிரிவினை சரியாக இருந்தால் பாதிச் சண்டை வராது.

மியூட்டெக்ஸ் விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. யூசர்ஃபால்ட்எஃப்டி போன்ற வசதியால் ஒரு புரோகிராம் தன் பேஜ் ஃபால்டை வேண்டிய நேரம் நிறுத்தி வைக்க முடியும். அதுவரை உங்கள் மியூட்டெக்ஸ் பூட்டியே கிடக்கும். எனவே அதை ரீடர்களுக்கு மட்டும் வையுங்கள். டிரைவரின் மற்ற எல்லா வேலைக்கும் அதே பூட்டைப் போடாதீர்கள்.

அடுத்தது, டிரைவரில் எம்மேப் வசதியும் (டிரைவரின் நினைவகத்தை யூசருக்கு நேரடியாகக் காட்டுவது) இருந்தால் அதற்குள் இதே மியூட்டெக்ஸைப் பிடிக்காதீர்கள். எம்மேப் அழைக்கப்படும்போது எம்மேப்_லாக் (புரோகிராமின் முகவரி வெளிக்கான பூட்டு) ஏற்கனவே பிடிபட்டிருக்கும். ரீடில் நீங்கள் மியூட்டெக்ஸைப் பிடித்தபின் பேஜ் ஃபால்ட் அதே எம்மேப்_லாக்கைக் கேட்கும். ஒருவர் கையில் மற்றவர் சாவி. இரண்டு த்ரெட்டும் அப்படியே நின்றுவிடும்.

## 7. காப்பி, அதன் மிச்சம்

காப்பி_டு_யூசரின் மதிப்புகள் வரிசையாக: யூசர் முகவரி, கெர்னல் முகவரி, பைட் எண்ணிக்கை. திருப்பித் தருவது காப்பி ஆகாத பைட்டுகளின் எண்ணிக்கை. 0 என்றால் முழு வெற்றி.

பந்தியில் பரிமாறிவிட்டு வருபவர் எத்தனை வைத்தேன் என்று சொல்லாமல், பாத்திரத்தில் எத்தனை மிச்சம் என்று மட்டும் சொல்வது போல. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு நேரும் தவறுகள் இரண்டு. ‘0-க்குக் குறைவா’ என்று பார்ப்பார்கள். அது குறியில்லாத எண், ஒருபோதும் குறையாது. அல்லது திரும்பிய எண்ணை அப்படியே ரீடின் விடையாகத் திருப்புவார்கள். முழு வெற்றியில் 0 திரும்பும், யூசர் பக்கம் அதை ‘ஃபைல் முடிந்தது’ என்று எடுத்துக்கொள்ளும்.

அண்ணன் தம்பி ஃபங்ஷன்கள் இதில் ஒத்துப்போவதில்லை. புட்_யூசர் 0 அல்லது மைனஸ் இஃபால்ட் தரும். காப்பி_டு_ஐட்டர் காப்பியான எண்ணிக்கையைத் தரும், அதாவது நேர் எதிர். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நிரலை மாற்றும்போது இந்த இடத்தை முதலில் பாருங்கள்.

மிச்சம் வந்தால் என்ன செய்வது? 3 ரெக்கார்ட், 48 பைட் கொடுத்தோம் என்று வையுங்கள். மிச்சம் 22. அப்படியென்றால் 26 பைட் போயிருக்கிறது. 26-ஐ 16-ஆல் வகுத்தால் 1 முழு ரெக்கார்ட். டெயிலை 1 மட்டும் நகர்த்தி, 16 என்று திருப்புங்கள். மீதி இரண்டும் ரிங்கிலேயே இருக்கும், அடுத்த ரீடில் போகும். ஒரு முழு ரெக்கார்டும் போகவில்லை என்றால் மட்டும் மைனஸ் இஃபால்ட், பிழை 14.

## 8. முழு வரிசை ஒரே பார்வையில்

வெயில் டிரைவரின் ரீட் இந்த வரிசையில் ஓட வேண்டும்:

1. கேட்டது 16 பைட்டுக்குக் குறைவா? மைனஸ் இஇன்வால்.
2. ரிங் காலியா? ஓ_நான்பிளாக் (காத்திருக்க வேண்டாம் என்ற கொடி) இருந்தால் மைனஸ் இஅகெய்ன், இல்லையென்றால் வெயிட்_ஈவென்ட்_இன்டரப்டிபிள். சிக்னல் வந்து எழுந்தால் மைனஸ் இரீஸ்டார்ட்சிஸ்.
3. ரீடர் மியூட்டெக்ஸைப் பிடி.
4. ரிங் மறுபடி காலியா? மியூட்டெக்ஸை விட்டு 2-க்குப் போ.
5. ஸ்பின்லாக் பிடி, எண்ணிக்கையை வெட்டு, லோக்கலுக்கு நகல் எடு, ஸ்பின்லாக் விடு.
6. காப்பி_டு_யூசர்.
7. மிச்சத்திலிருந்து முழு ரெக்கார்ட் எண்ணிக்கையைக் கணக்கிடு.
8. ஸ்பின்லாக் பிடி, டெயிலை அவ்வளவு நகர்த்து, விடு.
9. மியூட்டெக்ஸை விடு, எண்ணிக்கை பெருக்கல் 16-ஐ, அல்லது மைனஸ் இஃபால்டைத் திருப்பு.

காத்திருப்பது மியூட்டெக்ஸுக்கு முன்னால் ஏன்? உள்ளே காத்திருந்தால் அடுத்து வரும் ரீடர் ஓ_நான்பிளாக் என்று கேட்டிருந்தும் மியூட்டெக்ஸில் மாட்டிக்கொள்வார். 4-ஆம் படி ஏன்? நாம் எழுந்து மியூட்டெக்ஸைப் பிடிப்பதற்குள் வேறொருவர் எல்லாவற்றையும் எடுத்துப் போயிருக்கலாம். பிழை வந்து வெளியேறும் வழியில் மியூட்டெக்ஸை விட மறப்பதும் சகஜம். வெளியேறும் வழியை ஒன்றாகவே வைத்து எல்லாப் பிழையும் அங்கே வரும்படி எழுதுங்கள்.

இவ்வளவும் கையால் எழுத வேண்டாம் என்றால் கெர்னலோடு வரும் ரிங் பஃபர் வசதியான கேஃபைஃபோ இருக்கிறது. கேஃபைஃபோ_டு_யூசர் காப்பியையும், காப்பியான அளவுக்கு நகர்த்துவதையும் சேர்த்தே செய்கிறது. ஒரே எழுதுபவர், ஒரே வாசிப்பவர் என்றால் தனி லாக்கும் தேவையில்லை. ஆனால் ஒருமுறையாவது கையால் எழுதிப் பார்த்தவருக்குத்தான் அது எதை மறைக்கிறது என்று தெரியும்.

‘நிலை என்ன’ என்று காட்டும் சிறிய நிலையான உரைக்கு இந்தப் பாடு எதுவும் வேண்டாம். சிம்பிள்_ரீட்_ஃப்ரம்_பஃபர் போதும், அது ஆஃப்செட்டையும் நகர்த்திவிடும். கையால் எழுதி ஆஃப்செட்டை நகர்த்த மறந்தால், கேட் கட்டளை அதே வரியை முடிவில்லாமல் அச்சிட்டுக்கொண்டே இருக்கும்.

## 9. ஐஆக்டிலில் கூடுதல் கவனம்

ரீட் வழியில் உங்கள் ஃபங்ஷனுக்கு வரும் முன்பே ஃபைல் அழைப்புகளைக் கவனிக்கும் கெர்னலின் விஎஃப்எஸ் அடுக்கு ஆக்சஸ்_ஓகே பார்த்துவிடுகிறது. ஐஆக்டிலில் வருவது வெறும் எண். அதை யாரும் சோதிப்பதில்லை.

அடிக்கோடு இரண்டு போட்ட __காப்பி_டு_யூசர், அன்சேஃப்_புட்_யூசர் ஆகியவை எல்லைச் சோதனையைச் செய்யாதவை. வேகத்துக்காக அவற்றைத் தொடாதீர்கள். 2017-இல் வெயிட்ஐடி சிஸ்டம் காலில் அன்சேஃப்_புட்_யூசருக்கு முன் ஆக்சஸ்_ஓகே விடுபட்டுப்போய் 4.13 கெர்னல் அப்படியே வெளிவந்தது. சாதாரண யூசர் கெர்னல் நினைவகத்தில் எழுத முடிந்தது. பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2017-5123 என்பது இதுதான். கெர்னலையே எழுதுகிறவர்களுக்கு நேர்ந்தது நமக்கும் நேரும்.

யூசர் ஒரு ஸ்ட்ரக்டில் ‘என் பஃபர் இவ்வளவு’ என்று அளவைச் சொல்லும் ஐஆக்டில் என்றால், அந்த ஸ்ட்ரக்டை காப்பி_ஃப்ரம்_யூசரால் ஒரே முறை உள்ளே எடுத்து, அந்த நகலையே சோதித்து, அந்த நகலையே பயன்படுத்துங்கள். சோதித்துவிட்டு மறுபடி யூசர் நினைவகத்திலிருந்து படித்தால், இடையில் இன்னொரு த்ரெட் எண்ணை மாற்றியிருக்கலாம்.

ஆக்சஸ்_ஓகேவைக் கையால் அழைக்கும் பழைய நிரல் கிடைத்தால் அதில் மூன்று மதிப்புகள் இருக்கும். 5.0 கெர்னலிலிருந்து முதல் மதிப்பு நீக்கப்பட்டு இரண்டாகிவிட்டது. காப்பி_டு_யூசர் தானே அதைச் செய்வதால் அந்த வரியே வேண்டாம்.

## 10. வேண்டுமென்றே உடைத்துப் பாருங்கள்

சரியான பஃபர் கொடுத்து ஓட்டுவது சோதனை ஆகாது. யூசர் பக்கத்தில் சின்ன சி புரோகிராம் எழுதி இவற்றைச் செய்யுங்கள்.

நல் முகவரியோடு 16 பைட் ரீட். விடை மைனஸ் 1, எர்ர்நோ 14 வரவேண்டும். நல் என்பது எண் அளவில் யூசர் பகுதிக்குள்தான் இருக்கிறது, ஆக்சஸ்_ஓகேவைத் தாண்டிவிடும். ஆகவே இது உங்கள் பிழை வழியை உண்மையிலேயே சோதிக்கிறது. பின்பு சரியான பஃபரோடு மறுபடி படியுங்கள்: அதே ரெக்கார்ட் கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லை என்றால் டெயிலை முன்பே நகர்த்திவிட்டீர்கள். தொங்கி நின்றால் மியூட்டெக்ஸை விடவில்லை.

கெர்னல் முகவரியோடு ரீட் செய்வதில் பயனில்லை, விஎஃப்எஸ்ஸே திருப்பி அனுப்பிவிடும். அதை ஐஆக்டில் வழியாகச் செய்யுங்கள்.

அடுத்தது பேஜ் எல்லை. எம்மேப்பில் அடுத்தடுத்து இரண்டு பேஜ் எடுங்கள், 8192 பைட். எம்ப்ரொடெக்டால் இரண்டாவதை ப்ராட்_நன் (எந்த அனுமதியும் இல்லை) ஆக்குங்கள். தொடக்கத்திலிருந்து 4070 பைட் தள்ளி உள்ள முகவரியைப் பஃபராகக் கொடுத்து 48 பைட் கேளுங்கள். 26 பைட்டுக்குத்தான் இடம் இருக்கிறது. 7-ஆம் பகுதியில் போட்ட கணக்கு இதுதான். ரிங்கில் 3 ரெக்கார்ட் இருந்தால் விடை 16 வரவேண்டும்.

ஒரு நுட்பம். மிச்சம் சரியாக 22 என்றே வரும் என்று எல்லா வகைச் சிப்புகளுக்கும் உறுதி இல்லை. கொஞ்சம் எழுதியிருந்தும் அதைவிடக் குறைவாகவே எழுதியதாகச் சொல்ல அனுமதி உண்டு. முழு ரெக்கார்டாகக் கீழ்நோக்கி வெட்டுவதால் நம் டிரைவருக்கு எது வந்தாலும் தரவு சிதறாது. ஆனால் சோதனை புரோகிராமில் 22 என்று கட்டிப்போடாதீர்கள்.

கசிவைப் பார்க்க, பஃபரை முதலில் 170 என்ற எண்ணால் நிரப்பிவிட்டு ரீட் செய்து, ஒதுக்கீட்டு 3 பைட்டும் 0 ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். 170 அப்படியே இருந்தால் அந்த இடம் காப்பியே ஆகவில்லை. வேறு ஏதாவது இருந்தால் கசிகிறது. 6.1 முதல் கெர்னலோடு வரும் கேஎம்சான் இதைத் தானாகவே பிடிக்கும். அதைக் கட்ட கிளாங் கம்பைலர் வேண்டும்.

## 11. டிமெஸ்கில் (கெர்னல் செய்திப் பதிவில்) வரும் வரியும் அதன் பொருளும்

“ஸ்லீப்பிங் ஃபங்ஷன் கால்ட் ஃப்ரம் இன்வேலிட் கான்டெக்ஸ்ட்”: ஸ்பின்லாக்குக்குள் அல்லது இன்டரப்டில் காப்பி செய்கிறீர்கள். டீபக்_அட்டாமிக்_ஸ்லீப் இல்லாமல் இந்த வரி வராது. பேஜ் தயாராக இருக்கும் நாளெல்லாம் நிரலும் ஓடும். நினைவகம் நெருக்கடியான ஒருநாள் மொத்தக் கணினியும் உறையும்.

“கெர்னல் மெமரி எக்ஸ்போஷர் அட்டெம்ப்ட் டிடெக்டட்”: ஹார்டண்ட்_யூசர்காப்பி பிடித்தது. நீங்கள் கொடுத்த அளவு, அந்தப் பஃபருக்கு ஒதுக்கிய அளவைத் தாண்டுகிறது. எந்த ஸ்லாப் (ஹீப் நினைவகத் தொகுப்பு), எத்தனை பைட் என்று அதே வரியில் இருக்கும். அளவை வெட்டும் இடத்துக்குப் போங்கள். இந்தத் தேர்வை அணைத்துவிட்டு ‘சரியாகிவிட்டது’ என்று சொல்லாதீர்கள்.

“அன்ஏபிள் டு ஹேண்டில் பேஜ் ஃபால்ட்” என்று வந்து, கூடவே உள்ள முகவரி யூசர் பகுதியாக இருந்தால்: எங்கோ யூசர் பாயிண்டரை நேரடியாகத் தொடுகிறீர்கள். ஸ்பார்ஸை ஓட்டுங்கள், அந்த வரியையே காட்டும்.

“பாசிபிள் சர்குலர் லாக்கிங் டிபெண்டன்சி டிடெக்டட்” என்ற நீண்ட அறிக்கையில் எம்மேப்_லாக் பெயர் இருந்தால்: 6-ஆம் பகுதியின் கடைசி எச்சரிக்கை. கணினி இன்னும் நிற்கவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். ப்ரூவ்_லாக்கிங் இயக்கும் லாக்டெப் என்ற சோதனை, கணினி நிற்பதற்கு முன்பே சொல்லிவிடும்.

எந்த வரியும் இல்லாமல் யூசர் பக்கம் “பேட் அட்ரஸ்” மட்டும் வந்தால், பெரும்பாலும் முதல் இரண்டு மதிப்புகளும் இடம் மாறியிருக்கும். காப்பி_டு_யூசரில் முதலில் யூசர் முகவரி, காப்பி_ஃப்ரம்_யூசரில் முதலில் கெர்னல் முகவரி. இரண்டிலும் போய்ச் சேரும் இடம்தான் முதலில்.

## 12. அளவு பெரிதாகும்போது

மெகாபைட் கணக்கில் போகும் வீடியோ, சிக்னல் தரவுக்கு ஒவ்வொரு ரீடிலும் காப்பி செய்வது வீண். டிரைவரின் பஃபரை எம்மேப் வழியாக யூசருக்கே காட்டலாம். சாதனம் நேராக யூசர் பஃபரில் எழுத வேண்டும் என்றால் பின்_யூசர்_பேஜஸால் பேஜ்களை நிலைநிறுத்தி, முடிந்ததும் அன்பின் செய்ய வேண்டும். எம்மேப் வழியில் பஃபர் முழுவதையும் முன்கூட்டியே சுழியாக்க வேண்டும். பேஜ் கணக்கில் காட்டுவதால் 4096-இன் மடங்கில் கடைசித் துண்டும் கூடவே வெளியே தெரியும். ஒரு மணிக்கு நான்கு ரெக்கார்ட் தரும் வெயில் டிரைவருக்கு இவை எதுவும் வேண்டாம், 256 பைட் லோக்கல் பஃபரே தாராளம்.